பெங்களூரில் ஃப்ரீலான்ஸ் தமிழ் எழுத்தாளரா? உங்கள் தளத்தைக் கூகுளில் கண்ணில் பட வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் தமிழ் எழுதிப் பிழைக்கும் நமக்கு வேலை தருபவர்கள் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கோரமங்களாவில் செயலி நடத்தும் ஒரு சிறு நிறுவனம், பீன்யாவில் இயந்திரம் செய்து ஓசூருக்கும் கோவைக்கும் விற்கும் தொழிற்சாலை, இந்திரா நகரில் ஒரு விளம்பர ஏஜென்சி. இவர்களுக்குத் தமிழில் ஏதோ ஒன்று எழுதியாக வேண்டும், ஆனால் யாரிடம் கொடுப்பது என்று தெரியாது. போனை எடுத்துக் கூகுளில் ஆங்கிலத்தில் தேடுவார்கள். அந்த நேரத்தில் நம் தளம் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

என் தளத்தைச் சரிசெய்த பிறகு, அல்சூர் பக்கம் இருக்கும் நண்பர்கள் சிலரோடு உட்கார்ந்து அவர்களுடைய தளங்களிலும் வேலை பார்த்தேன். எல்லோரும் இடறிய இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். உழைப்பில் யாரும் குறை வைக்கவில்லை. வரிசையை மாற்றிச் செய்திருந்தார்கள். கூகுள் உள்ளே வரவே முடியாத தளத்துக்கு மாதக்கணக்கில் கட்டுரை எழுதியவர்களும் உண்டு. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் பெயரில் பதிவான ஒரு டொமைன், அதாவது தளத்தின் சொந்த முகவரி. "உங்கள் பெயரில்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். எனக்குத் தளம் கட்டிக் கொடுத்தவர் டொமைனைத் தன் கணக்கிலேயே வாங்கி வைத்திருந்தார். புதுப்பிக்கும் தேதி வந்தபோது அவர் போனை எடுக்கவில்லை. முகவரி கைவிட்டுப் போனது, அதற்கு அதுவரை கிடைத்திருந்த இணைப்புகள் எல்லாம் அதோடு போயின. ஆகவே பதிவுக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும், தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் போட்டு வையுங்கள்.

இலவசத் துணை முகவரியில் தொடங்கிப் பிறகு மாறலாம் என்று நினைப்பவர்கள் இப்போதே மாறிவிடுவது நல்லது. பின்னால் மாறினால், பழைய பக்கம் ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு நிரந்தரத் திருப்பம் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போட வேண்டும். அந்த வசதியை எல்லா இலவசச் சேவைகளும் தருவதில்லை.

அப்புறம், நீங்கள் கடைசியாகச் செய்த பத்து வேலைகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே, வாடிக்கையாளர் முதல் மின்னஞ்சலிலோ போனிலோ என்ன சொல்லிக் கேட்டார் என்பதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் படியில் இது இல்லாமல் நகர முடியாது.

1. கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் சரி. ஒன்றுமே வரவில்லை என்றால், மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள்.

தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸைப் பயன்படுத்துபவர்களுக்கு அமைப்புகளில் 'ரீடிங்' என்ற பகுதி உண்டு. தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சின்னக் கட்டம் அங்கே இருக்கும். தளம் கட்டும்போது அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக் கூடாது என்று வடிவமைப்பாளர்கள் அதில் டிக் போடுவார்கள், எடுக்க மறந்துவிடுவார்கள். நான் பார்த்த தளங்களில் இரண்டு இப்படித்தான் மாதக்கணக்கில் இருளில் கிடந்தன. டிக்கை எடுக்க ஒரு நொடி போதும்.

இன்னொன்று, ரோபாட்ஸ் கோப்பு. கூகுளின் நிரல் எந்தப் பக்கங்களுக்குள் போகலாம் என்று சொல்லும் கோப்பு இது. தேடலில் வரக் கூடாத பக்கத்தை இதில் தடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே போய்ப் படிப்பதை மட்டும்தான் இது தடுக்கும். வேறு எங்காவது அந்தப் பக்கத்துக்கு இணைப்பு இருந்தால், முகவரி தேடலில் வரவே செய்யும். ஒரு பக்கம் வரவே கூடாது என்றால் அந்தப் பக்கத்துக்குள்ளேயே 'நோஇன்டெக்ஸ்' குறி போட வேண்டும், ரோபாட்ஸ் கோப்பில் அதைத் தடுக்காமலும் இருக்க வேண்டும். தடுத்துவிட்டால் அந்தக் குறியைக் கூகுளால் படிக்கவே முடியாது.

2. சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள்

கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். எந்தச் சொற்களுக்கு நம் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தட்டி உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் இருந்தோம் என்று சொல்லும். 16 மாதத் தரவு வரை பார்க்கலாம். விவரம் சேர நாளாகும் என்பதால், தளம் முழுமையாகாவிட்டாலும் இதை முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

சேர்க்கும்போது 'டொமைன்' வகையைத் தேர்ந்தெடுங்கள். டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (டொமைனின் தொழில்நுட்பப் பதிவுகள்) பகுதிக்குப் போய், கூகுள் தரும் ஒரு வரியை ஒட்ட வேண்டும். முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா வடிவங்களும் ஒரே கணக்கில் வந்துவிடும். டிஎன்எஸ் பக்கம் கை வைக்கப் பயமாக இருந்தால், மற்ற வகையில் ஒரு கோப்பையோ குறியையோ தளத்தில் வைத்தும் உறுதிசெய்யலாம்.

பிறகு சைட்மேப், அதாவது தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பின் முகவரியைக் கொடுங்கள். வேர்ட்பிரஸ் இதைத் தானாகவே உருவாக்கும். புதுப் பக்கம் போட்டதும் முகவரிச் சோதனைப் பெட்டியில் கொடுத்து 'இன்டெக்ஸ் செய்யக் கோரு' (தேடல் பட்டியலில் சேர்க்கக் கேட்பது) என்பதைத் தட்டலாம். அது கோரிக்கைதான், உறுதி கிடையாது. சில சமயம் ஒரே நாளில் நடக்கும், சில சமயம் வாரங்கள் ஆகும். தினமும் தட்டிக்கொண்டே இருந்தால் வேகம் கூடப்போவதில்லை.

பிங் தேடுபொறிக்கும் இதேபோல் ஒரு கருவி உண்டு. சர்ச் கன்சோலிலிருந்து விவரங்களை நேராக இறக்கிக்கொள்ளலாம், அதையும் கையோடு முடித்துவிடுங்கள்.

3. வாடிக்கையாளர் வாயில் வரும் சொற்களைச் சேகரியுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். மற்ற படிகளுக்கு ஒரு மணி நேரம் என்றால் இதற்கு ஒரு வாரம் கொடுங்கள்.

நாம் நம்மை எழுத்தாளர் என்கிறோம். வேலை தர வருபவர் எழுத்தாளரைத் தேடுவதில்லை, தன் வேலையைத் தேடுகிறார். பீன்யா தொழிற்சாலைக்காரருக்கு இயந்திரக் கையேட்டைத் தமிழாக்க வேண்டும். ஏஜென்சிக்காரருக்கு ரேடியோ விளம்பரத்துக்குத் தமிழ் வரிகள் வேண்டும். செயலி நிறுவனத்துக்குப் பொத்தான்களிலும் அறிவிப்புகளிலும் வரும் சின்னச் சின்ன வாசகங்கள் வேண்டும். தேடல் பெட்டியில் அந்த வேலையின் பெயரும் மொழியின் பெயரும்தான் விழும், சில சமயம் ஊரின் பெயரும் சேரும்.

கையில் இருக்கும் பத்து வேலைப் பட்டியலை எடுங்கள். 'டமில் கன்டென்ட்', 'இங்லிஷ் டு டமில் டிரான்ஸ்லேஷன்', 'டமில் சப்டைட்டில்', 'டமில் வாய்ஸ் ஓவர் ஸ்கிரிப்ட்' என்று அவர்கள் சொன்னது சொன்னபடியே இருக்கும். ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் கூகுளில் தட்டுங்கள். தட்டும்போதே கீழே விரியும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவுப் பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களையும் விடாதீர்கள். காசு கொடுத்துக் கருவி வாங்க இந்தக் கட்டத்தில் அவசியமே இல்லை.

அடுத்து, முடிவுப் பக்கத்தில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். 'ஃப்ரீலான்ஸ் டமில் ரைட்டர்' என்று தேடினால் வேலைவாய்ப்புத் தளங்களாக வந்து நிற்கலாம். அப்படியென்றால் அந்தச் சொல்லைத் தட்டுபவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல வேலை தேடுபவர்கள் என்று கூகுள் கணித்திருக்கிறது. அந்தச் சொல்லில் முதல் இடம் பிடித்தாலும் போன் அடிக்காது. அதை விட்டுவிடுங்கள். ஏஜென்சிகளும் தனி மொழிபெயர்ப்பாளர்களும் வரும் சொற்களில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

சான்றளித்த மொழிபெயர்ப்பு தேடுபவர்கள் தனிக் கூட்டம். பிறப்புச் சான்றிதழ், பத்திரம் போன்றவற்றுக்கு முத்திரையோடு கேட்பார்கள். நீங்கள் அதைச் செய்வதில்லை என்றால் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வீண் அழைப்புகள் குறையும்.

ஊர்ப் பெயர் விஷயம். அரசு முறைப்படி 2014 நவம்பர் 1 முதல் பெங்களூரு. ஆனாலும் பழைய ஆங்கிலப் பெயரில் தேடுபவர்கள் இன்றும் ஏராளம். கூகுள் இரண்டையும் ஒரே ஊராகத்தான் புரிந்துகொள்கிறது, அதனால் இரண்டு பெயருக்கும் தனித்தனிப் பக்கம் போட வேண்டாம். தலைப்பில் ஒன்று, உள்ளே எழுத்தில் இன்னொன்று இயல்பாக வந்தால் போதும்.

4. ஒரு வேலைக்கு ஒரு பக்கம்

பெரும்பாலான தளங்களில் 'சேவைகள்' என்று ஒரே பக்கம் இருக்கும். அதில் மொழிபெயர்ப்பு, கட்டுரை, விளம்பர வரி, சப்டைட்டில் என்று எட்டு வேலைகளும் ஆளுக்கொரு வரியாக இருக்கும். அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்கும் புரியாது, வருபவருக்கும் புரியாது. உங்களுக்கு உண்மையில் வருமானம் தரும் மூன்று அல்லது நான்கு வேலைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் எழுதுங்கள்.

இந்தப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நாமோ தமிழ் எழுத்தாளர்கள், முகப்பிலேயே தமிழ் மணக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் முடிவெடுப்பவர் படிப்பது ஆங்கிலம். தமிழ்ப் பக்கங்களுக்கு வேறு இடம் இருக்கிறது, ஏழாம் படியில் வருகிறேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வேலையைக் கொடுக்க வருபவர் மனதில் இருக்கும் கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். சொல்லுக்கு இவ்வளவா, மணிக்கு இவ்வளவா? எத்தனை நாள் ஆகும்? கோப்பை எந்த வடிவில் அனுப்பலாம்? நீங்கள் எழுதியது சரியா என்று தமிழ் தெரியாத நான் எப்படிச் சோதிப்பது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதிய தளம் மிக அபூர்வம். திரும்ப ஆங்கிலத்தில் பொருள் எழுதிக் கொடுப்பீர்களா, இன்னொருவரை வைத்துச் சரிபார்ப்பீர்களா என்று விளக்குங்கள். தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளும், பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுப்படும் என்பது போன்ற அனுபவத்தையும் எழுதுங்கள். செயலி நிறுவனத்துக்கு அது நேரடியாகப் பயன்படும் தகவல். வேறு யாரும் எழுதாதது உங்கள் பக்கத்தில் இருந்தால்தான் கூகுளுக்கும் அதை மேலே காட்ட ஒரு காரணம் கிடைக்கும்.

செய்யக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோரமங்களாவுக்கு ஒரு பக்கம், ஜெயநகருக்கு ஒன்று, வைட்ஃபீல்டுக்கு ஒன்று என்று பேட்டைப் பெயரை மட்டும் மாற்றி முப்பது பக்கம் போடச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கூகுளின் ஸ்பாம் விதிகளில் இந்த மாதிரி வாசல் பக்கங்களுக்குத் தனித் தடையே இருக்கிறது. தேடலில் இடம் பிடிக்க மட்டும் மொத்தமாக எழுதிக் குவிக்கும் பக்கங்களை, இயந்திரம் எழுதினாலும் மனிதர் எழுதினாலும் தடுக்கும்படி, 2024 மார்ச்சில் அந்த விதிகளை விரிவாக்கினார்கள். எழுத்தை விற்பவர் தளத்தில் எழுத்தே வெறுமையாக இருந்தால், விதி ஒருபுறம் இருக்கட்டும், வருபவர் என்ன நினைப்பார்?

5. தலைப்பு, விவரணை, முகவரி

பக்கத் தலைப்பு என்பது தேடல் முடிவில் நீல எழுத்தில் வரும் வரி. அதில் முதலில் வேலை, அடுத்து ஊர், கடைசியில் உங்கள் பெயர். பலர் தங்கள் பெயரை முதலில் போட்டு 'ஹோம்' என்று விட்டுவிடுகிறார்கள். நம் பெயர் ஏற்கெனவே தெரிந்தவர்தான் அதைத் தேடுவார். ஆங்கிலத் தலைப்பு 60 எழுத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் முழுதாகத் தெரியும். தமிழ் எழுத்து அகலமானது, அதனால் முக்கியமான சொல் முன்னாலேயே வரட்டும்.

அடியில் வரும் இரண்டு வரி விவரணை இடத்தை உயர்த்தாது, ஆனால் தட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வைக்கும். நாம் எழுதியதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து வேறு வரியைக் கூகுள் எடுத்துப் போடுவதும் உண்டு. பக்கத்துக்கான தேடல் சொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட் என்ற பெட்டியை நிரப்பி நேரத்தை வீணாக்காதீர்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

பக்கத்தின் முகவரியைக் கையால் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதுங்கள். தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே உருவாக்கும். பார்க்க அழகாக இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளாகச் சிதறும். காரணம், கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யுனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (புள்ளி, கால், கொம்பு ஆகியவையும் தனிக் குறிகள்தான்) முகவரிக்குள் ஒன்பது எழுத்தாக மாறுகிறது. 'எழுத்தாளர்' என்ற ஒரே சொல்லில் பத்துக் குறிகள் உள்ளன, ஆக 90 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரிப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது. நீளமான தமிழ்த் தலைப்பு வைத்தால் மூன்றாவது சொல்லிலேயே வெட்டுப்பட்டுவிடும். தமிழ் முகவரி வைப்பதால் கூகுள் தண்டிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பார்ப்பவர் அது ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்துவிடுகிறார் என்பதுதான் பிரச்சினை.

ஏற்கெனவே வெளியான பக்கத்தின் முகவரியை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பம் போட மறக்காதீர்கள்.

6. மாதிரிகளை எழுத்தாகவே வையுங்கள்

பத்திரிகையில் வந்த கட்டுரையை ஸ்கேன் செய்து படமாக ஒட்டி வைப்பது நம்மிடையே பெரிய வழக்கம். அச்சில் பார்த்த பெருமை புரிகிறது. ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கூகுள் படித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. படம் இருக்கட்டும், பக்கத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுங்கள்: யாருக்கான கட்டுரை, என்ன கேட்டார்கள், எதைக் கவனித்து எழுதினீர்கள்.

பழைய கோப்புகளில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியவை கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குப்பைதான். அப்படித் தட்டி பிடிஎஃப் ஆக்கியதும் அதே கதைதான். அதில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், தமிழ் வராவிட்டால் யுனிகோடுக்கு மாற்றிய பிறகு வையுங்கள்.

வெளியான கட்டுரையை முழுதாக உங்கள் தளத்தில் மறுபடி போட வேண்டாம். உரிமை யாருடையது என்ற கேள்வி ஒன்று. ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் ஒன்றைத்தான் காட்டும், பெரும்பாலும் பத்திரிகையின் பக்கத்தை என்பது இன்னொன்று. சுருக்கம் எழுதி இணைப்புக் கொடுங்கள்.

ரகசிய ஒப்பந்தத்தில் செய்த வேலை என்றால் பெயரை விட்டுவிட்டு வேலையை மட்டும் விவரிக்கலாம், அதற்கும் முன்னதாக ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

7. தமிழ்ப் பக்கங்களுக்கான இடம்

தமிழில் தேடுபவர்களும் இருக்கிறார்கள்: சிறு பதிப்பகங்கள், தன் அனுபவத்தைப் புத்தகமாக்க நினைக்கும் பெரியவர்கள், கடைக்கு நோட்டீஸ் அடிக்க வருபவர்கள். அவர்களுக்காக அதே சேவையைத் தமிழில் தனி முகவரியில் எழுதுங்கள். ஆங்கிலத்தை அப்படியே பெயர்க்காமல், அவர்கள் கேட்கும் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்.

ஒரே பக்கத்தில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று கலக்காதீர்கள். கூகுள் ஒரு பக்கத்தின் மொழியை அதில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்தே முடிவுசெய்கிறது. ஒன்றுக்கொன்று இணையான ஆங்கில, தமிழ்ப் பக்கங்களை 'எச்ரெஃப்லாங்' குறியால் இணைக்கலாம். அந்தக் குறி இரண்டு பக்கத்திலும் ஒன்றையொன்று காட்ட வேண்டும், ஒரு பக்கத்தில் மட்டும் போட்டால் கூகுள் கண்டுகொள்ளாது.

8. கூகுள் பிசினஸ் புரொஃபைல்

ஊர்ப் பெயரோடு தேடும்போது வரைபடத்தோடு வரும் பட்டியல் இது. எல்லா ஃப்ரீலான்சருக்கும் இது கிடைக்காது. வாடிக்கையாளரை நேரில் சந்திப்பவருக்கு மட்டும்தான் தகுதி, முழுக்க ஆன்லைனில் வேலை செய்பவருக்கு இல்லை. கூட்டத்துக்காக அவர்கள் அலுவலகம் போய்வருபவர் என்றால் சேவைப் பகுதி வகையில் பதியலாம். வீட்டு முகவரியை மறைத்துவிட்டுச் சேவை தரும் பகுதிகளை மட்டும் காட்டலாம், 20 வரை. வாடகை வீட்டில் இருப்பவர்களும் தனியாக இருக்கும் பெண்களும் முகவரியைக் கட்டாயம் மறைத்து வையுங்கள்.

பெயர்ப் பெட்டியில் உங்கள் பெயர் மட்டும். 'பெஸ்ட் டமில் ரைட்டர் பேங்களூர்' என்று அதில் சேர்த்தால் விதிமீறல், கணக்கே முடங்கலாம். வேலை முடிந்து பணம் வந்த வாரத்தில் மதிப்புரை கேளுங்கள், என்ன வேலை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்காகத் தள்ளுபடி தருவதாகச் சொல்லக் கூடாது, அதற்கும் தடை இருக்கிறது.

9. வெளியிலிருந்து வரும் இணைப்புகள்

மற்ற தொழில்காரர்கள் ஏங்கும் ஒன்று எழுத்தாளருக்குச் சுலபமாகக் கிடைக்கும்: நம் பெயர் அச்சாகும் இடம். இணைய இதழில் கட்டுரை வந்தால், ஆசிரியர் குறிப்பில் தள முகவரியைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும்போதே கேளுங்கள். வெளியான பிறகு கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. ஏற்கெனவே வந்த கட்டுரைகளுக்கும் ஒரு பணிவான மின்னஞ்சல் போடலாம், சிலர் சேர்த்துக் கொடுப்பார்கள்.

அதற்கு முன் எல்லா இடத்திலும் உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றுபோல் இருக்கட்டும். ஒரு இடத்தில் முதலெழுத்து முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால், வேறொரு இடத்தில் புனைபெயர் என்றால் மூன்றும் ஒரே ஆள் என்று யாருக்கும் தெரியாது. லிங்க்ட்இன் பக்கத்திலும் அதே பெயர், அதே தள முகவரி.

ஆயிரம் ரூபாய்க்கு ஐநூறு இணைப்பு என்று வரும் மின்னஞ்சல்களை நீக்கிவிடுங்கள். தரவரிசைக்காக இணைப்பை விலைக்கு வாங்குவது ஸ்பாம் விதிகளுக்கு எதிரானது.

10. மொபைலும் வேகமும்

கூகுள் இப்போது தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படித்து வரிசைப்படுத்துகிறது. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற இலவசச் சோதனையில் முகவரியைக் கொடுங்கள். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிந்தால் நல்லது. எழுத்தாளர் தளத்தை மெதுவாக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்தான், முகப்பில் இருக்கும் நம் பெரிய புகைப்படம். அதைச் சுருக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்கு மேல் மதிப்பெண்ணைத் துரத்தி நாளைக் கழிக்க வேண்டாம்.

11. மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம்

எல்லாம் முடித்த அன்றிலிருந்து தினமும் தேடிப் பார்க்காதீர்கள். உங்கள் போனில் நீங்கள் தேடும்போது வரும் வரிசையும், வாடிக்கையாளருக்கு வரும் வரிசையும் ஒன்றாக இருக்காது. சர்ச் கன்சோல் எண்களை மட்டும் நம்புங்கள், மூன்று மாதமாவது பொறுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு உட்கார்ந்து இரண்டு வகைச் சொற்களைத் தேடுங்கள். நிறையத் தடவை காட்டப்பட்டு, யாருமே தட்டாதவை முதல் வகை. முதல் பக்கத்திலேயே இருந்தும் தட்டவில்லை என்றால் தலைப்பையும் விவரணையையும் திருத்துங்கள். சராசரி இடம் 11-லிருந்து 20-க்குள் இருப்பவை இரண்டாம் வகை. இவற்றுக்குப் புதுப் பக்கம் போடாமல், ஏற்கெனவே இருக்கும் பக்கத்தில் அந்தக் கேள்விக்கான பதிலை இன்னும் விரிவாக எழுதுங்கள். தளத்தின் மற்ற பக்கங்களிலிருந்து அதற்கு ஓர் இணைப்பும் கொடுங்கள்.

அதே ஞாயிறு உங்கள் தொடர்புப் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். நண்பர் ஒருவருக்குப் படிவத்தில் வந்த விசாரிப்புகள் எல்லாம் ஸ்பாம் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. தளம் இரண்டாம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகியும் வேலை வரவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தார். திறந்து பார்த்தபோது உள்ளே ஏழு கடிதங்கள் இருந்தன. அன்றே படிவத்துக்கு மேல் அவருடைய போன் எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுத்தாகவே போட்டு வைத்தோம்.